தலைக்கட்டுக் கணக்கில் வராதோர்
பழவேற்காட்டுப் பாடு முறையும் மக்களாட்சியும்

'பாடு' என்ற சொல்லைக் கேட்டதும் திருச்சபையாராகிய நமக்கு ஆண்டவருடைய பாடுகளே நினைவிற்கு வருகின்றன. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் மீனவர்க்கு அச்சொல் வேறொன்றையும் குறிக்கும். இன்ன நாளில், இன்ன இடத்தில் வலை கட்டும் உரிமை இன்னாருக்கு என்று ஊர் கூடி வகுத்துக்கொள்ளும் முறைக்கு அங்கே பாடு என்று பெயர். அரசின் உதவியின்றி மக்களே அமைத்துக்கொண்ட இம்முறையைக் கிராம மக்களாட்சியின் சான்றாகப் பலர் போற்றுவர். அப்புகழ்ச்சி எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முறையின் சிறப்பு

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், சிறுபகுதி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. அவை திரும்பும் வழியில் வலை கட்டுவோருக்கே மிகுதியாகக் கிடைக்கும். அத்தகைய இடங்கள் சிலவே, வலைகளோ பல. வலியவன் நாள்தோறும் நல்லிடத்தைப் பிடித்துக்கொள்வானாயின் எளியவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இதனைத் தவிர்க்கவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்கள் தமக்குள் நாட்களைப் பகிர்ந்து, ஊருக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொண்டன. இன்று கடையிடம் பெற்றவனுக்கு மற்றொரு நாள் நல்லிடம் வாய்க்கும்.

பொதுவில் உள்ள வளம் மக்களின் பேராசையால் அழிந்தே தீரும் என்று 1968-இல் காரட் ஹார்டின் வாதிட்டார். அங்ஙனமன்று, பயன்படுத்துவோரே விதிகள் வகுத்து அதனைக் காக்கக் கூடும் என்று 1990-இல் எலினோர் ஆஸ்ட்ரம் தம் நூலில் விளக்கினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று துருக்கியின் அலன்யா கடற்கரை. அங்கும் மீனவர் சீட்டுப் போட்டு இடம் வகுத்து, நாள்தோறும் இடம் மாறுகின்றனர். பழவேற்காட்டு மீனவர் இதே ஞானத்தைத் தாமே கண்டறிந்தனர் என்பது நாம் மதிக்கத்தக்க உண்மையாகும்.

2. எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சீட்டில் எவருடைய பெயர் எழுதப்படுகிறது? ஊரின் உறுப்பினனாக ஏற்கப்பட்ட ஆண்மகனே தலைக்கட்டு எனப்படுகிறான். பாடு தலைக்கட்டுக் கணக்கைப் பொறுத்தது. பெண்கள் மீனைச் சுமந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்குகின்றனர். ஆயினும் ஊர்ப் பஞ்சாயத்தில் மரபுப்படி அவர்களுக்கு இடமில்லை. இருளர் ஆழமற்ற நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். பட்டியல் சாதியாரும் பாடு உரிமையற்ற பிற ஊராரும் அதே ஏரியை நம்பி வாழ்கின்றனர். இந்த உரிமை சாதியோடு பிணைந்தது என்பதையும், அதனால் பிறர் விலக்கப்படுவதையும் 2008-இல் வெளியான சாரா கூல்தார்டின் ஆய்வு எடுத்துக்காட்டியது. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை உயர்ந்தபின், வெளியே நிறுத்தப்பட்டோர் இழப்பது முன்னிலும் மிகுதியாயிற்று.

ஆகவே பாடு முறை எண்ணப்பட்டோருக்குள் நியாயமானது. எவரை எண்ணுவது என்ற கேள்வியை மட்டும் அது எழுப்புவதில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக்க மறுத்ததன் காரணத்தை இங்கே உணரலாம். கிராமம் கூடி முடிவு செய்கிறது என்பது மட்டும் போதாது. கூட்டத்திற்கு வெளியே நிற்பவர் யார் என்று அவர் பார்த்தார்.

3. சட்டம் தந்த மன்றம்

1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் இக்குறையை நீக்க முயன்றது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996-இல் தேர்தல் நடைபெற்றது. பட்டியல் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும், மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2016-இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. வாக்காளர் பட்டியலில் தலைக்கட்டு இல்லை. இருளர் பெண்ணுக்கும் ஊர்த் தலைவருக்கும் ஒரே வாக்கு.

ஆனால் வாக்கு மட்டுமே நீதியைத் தந்துவிடாது. மதுரை மாவட்டம் மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூனில் ஆதிக்க சாதியினரால் படுகொலை செய்யப்பட்டார். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடைபெறவில்லை. தனி அலுவலர்கள் நிருவகித்தனர். இவற்றினும் நுண்ணிய குறை ஒன்று பழவேற்காட்டில் உண்டு. ஊராட்சி மன்றம் தெருவிளக்கையும் குடிநீரையும் கவனிக்கிறது. வலை கட்டும் இடத்தை வகுப்பதோ ஊர்ப் பஞ்சாயத்து. எண்ணப்படாதோர் எண்ணப்படும் மன்றத்தில் ஏரி இல்லை. ஏரி உள்ள மன்றத்தில் அவர்கள் இல்லை.

4. கூடார வாசலில் ஐந்து பெண்கள்

இந்நிலைக்கு மிக நெருங்கிய காட்சி ஒன்று எண்ணாகமத்தில் உள்ளது. 26-ஆம் அதிகாரத்தில் ஆண்கள் எண்ணப்படுகின்றனர். நிலம் சீட்டுப் போட்டுப் பங்கிடப்பட வேண்டும் என்று கட்டளை பிறக்கிறது. அதுவும் ஒருவகைத் தலைக்கட்டுக் கணக்கே. அடுத்த அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்திற்கும் முன்பாக நின்று, தங்களுக்கும் பங்கு கேட்கின்றனர். மோசே வழக்கத்தைக் காட்டி அவர்களை அனுப்பிவிடவில்லை. தாமே தீர்ப்புச் சொல்லவும் துணியவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தரிடம் கொண்டுசெல்கிறார். பெண்கள் சொன்னது சரி என்று விடை வருகிறது, சட்டமே மாறுகிறது.

நல்ல தலைமை யாது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை. தன்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டோரிடையே நேர்மையாகப் பங்கிடுவது தலைமையின் முதற்படி. பழவேற்காட்டுப் பஞ்சாயத்தார் பலர் அதில் தேர்ந்தவர்களே. பட்டியலில் இல்லாதவர் வாசலில் நிற்கும்போது பட்டியலைத் திறப்பது அதன் அடுத்த படி. எனினும் 36-ஆம் அதிகாரத்தில் குலத்தலைவர்கள் மீண்டும் வந்து, அப்பெண்களின் திருமணத்திற்கு வரம்பு கட்டுவதையும் நாம் மறைத்தலாகாது. ஒருமுறை வென்ற உரிமையையும் தொடர்ந்து காக்க வேண்டியுள்ளது.

5. நம்முடைய பட்டியல்

ஏரியை எல்லார்க்கும் திறந்துவிட்டால் வலைகள் பெருகி வளம் அழியாதா என்று கேட்பர். இக்கேள்வி நேர்மையானது. எனவே பாடு முறையை ஒழிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை; அதன் முறைவைப்பு நிலைபெற வேண்டும், அதனை வகுக்கும் அவை விரிய வேண்டும் என்பதே நம் கருத்து. இது மீனவர் நலனுக்கும் உகந்தது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இக்கரையின் மீனவ ஊர்கள் எதிர்த்துள்ளன. தங்களைக் கேளாமல் ஏரியின் எதிர்காலத்தை முடிவு செய்யலாகாது என்ற அவர்களுடைய வாதம் முற்றிலும் நியாயமானது. அதே வாதத்தை இருளரும் பெண்களும் ஊரை நோக்கிக் கூறும்போது அதற்குச் செவிகொடுக்கும் ஊர், அரசின் முன்பும் வலிமையோடு நிற்கும்.

இதனை மீனவருக்கு மட்டும் போதிக்க நமக்குத் தகுதி உண்டா? நம் சபைகள் பலவற்றில் சந்தா செலுத்தியோரின் பெயரே வாக்காளர் பட்டியலில் இடம்பெறுகிறது. சந்தா கட்ட இயலாத கூலித் தொழிலாளி நற்கருணைப் பந்தியில் நம்மோடு முழங்காற்படியிடுகிறார். சபைக்குழுத் தேர்தல் நாளிலோ எண்ணப்படாதவராகிறார். பாளகப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர், தாம் ஏற்கும் முதல் சபையின் பட்டியலை வாங்கி, அதில் உள்ள பெயர்களை வாசிப்பதோடு நில்லாமல், இல்லாத பெயர்களையும் தேடுவாராக. வேலிக்கு வெளியே நிற்போர் படும் பாட்டை அறியாமல், பாடுபட்ட ஆண்டவரைப் பிரசங்கிப்பது எங்ஙனம்?