192-க்குள் நான்கு தெருக்கள்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மீன் வரிசையில் ஐஸ் நொறுங்கும் சத்தத்துக்கும் கத்தி பலகையில் இறங்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு குரல் எழும்: சில்லறை இருக்கா? பக்கத்துக் கடையிலிருந்தே பதில் வந்துவிடும். கறிவேப்பிலை, வாழையிலை விற்கும் வரிசையில் ஏதாவது வேண்டுமென்றால் குரல் போதாது, ஆள் போக வேண்டும். வீட்டு வைஃபையில் சப்நெட் செய்வது இந்த வேலையைத்தான். பிரிண்டருக்கு ஒரு பக்கத்தை அனுப்புமுன் லேப்டாப் தன் ஐ.பி. எண்ணையும் பிரிண்டருடையதையும், எண்ணின் எந்தப் பகுதி வரிசையைக் குறிக்கிறது என்று சொல்லும் மாஸ்க்கோடு ஒப்பிடுகிறது. ஒரே வரிசையா, "இந்த எண் யாருடையது?" என்று கூவி நேரடியாகக் கொடுக்கிறது. வேறு வரிசையா, ரௌட்டர் கையில் ஒப்படைக்கிறது.

மாஸ்க் 255.255.255.0 என்றால் 256 எண்களும் ஒரே வரிசை, அதாவது ஒரே தெரு. கடைசிப் பூஜ்யத்தை 192 ஆக்கினால் அது 64 எண்கள் கொண்ட நான்கு தெருக்களாகிவிடும். ஏன் 192? பென்சிலால் இரும எண்ணாக எழுதிப் பார்க்க வேண்டும்: 11000000. முன்னால் நிற்கும் இரண்டு ஒன்றுகள் தெருவைச் சொல்கின்றன. பின்னால் வரும் ஆறு பூஜ்யங்கள் கதவிலக்கத்துக்கான இடம். எவ்வளவு சிக்கனமான அழகு! ஒவ்வொரு தெருவிலும் முதல் எண் தெருவுக்கே பெயர், கடைசி எண் எல்லோரையும் ஒருசேரக் கூப்பிட. குடியிருக்க 62. பொறுமையாகப் பத்துக் கணக்கு போட்டால் கண்ணே பழகிவிடும்: 192.168.1.20 முதல் தெரு, 70 இரண்டாவது, 130 என்றதும் 128-இல் தொடங்கும் மூன்றாவது.