பானெட்டுக்குள் பழைய கணக்கு

விற்பனைக்கு வரும் பழைய வில்லிஸ் ஜீப்புகளில் பலவற்றின் பானெட்டைத் தூக்கினால், வண்டியோடு பிறந்த எஞ்சின் அங்கே இருக்காது. டிராக்டரிலிருந்தோ மினி லாரியிலிருந்தோ கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருக்கும். பழைய வண்டிப் பிரியர்கள் இதைக் கண்டதும் முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில் பாதிதான் நியாயம்.

மகிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னால் வந்த சிஜே-3பி ஜீப்பின் 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் நல்ல உழைப்பாளி, ஆனால் குடிப்பதும் அதிகம். ராணுவம் கழித்துவிட்ட ஜோங்கா இன்னும் மோசம். நிசான் உரிமத்தில் ஜபல்பூரில் செய்த அந்த வண்டியில் ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஏலத்தில் மலிவாக எடுத்தவர்களுக்குப் பெட்ரோல் பங்கில்தான் உண்மையான விலை தெரிந்தது. டீசல் வெகு மலிவாக விற்ற காலம் அது. குடகிலும் இடுக்கியிலும் தோட்ட வேலைக்கு ஓட வேண்டிய வண்டிக்கு எஞ்சினை மாற்றியது ரசனைக் குறைவு இல்லை, பிழைப்பு. அப்படி மாற்றியிராவிட்டால் இன்று பிரியர்கள் கொஞ்சும் வண்டிகளில் பல எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

என் குறை வேறு. பல பட்டறைகள் எஞ்சினை மட்டும் மாற்றின, வண்டியை மாற்றவில்லை. சிஜே-3பியின் ஆக்சில் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, டாப் கியரில் எஞ்சின் ஐந்துக்கு மேல் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் பெட்ரோல் எஞ்சினுக்கு அது பொருந்தும். 2500 சுற்றிலேயே மூச்சு வாங்கும் டிராக்டர் எஞ்சினை அங்கே வைத்தால், பழைய 16 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. மலையேற்றத்தில் இது குறையாகவே தெரியாது. தேசிய நெடுஞ்சாலையில் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது தெரியும்.

டீசலின் கனம் முழுவதும் முன் ஆக்சில் மேல் விழுகிறது. ஸ்டீயரிங் இறுகுகிறது, முன் பட்டைகள் தொய்கின்றன. பிரேக்கோ அதே பழைய டிரம் பிரேக். டீசலின் அதிர்வு எஞ்சின் மவுண்டிங் வழியாகச் சட்டத்துக்குள் இறங்கி, வெல்டு வைத்த இடத்தில் விரிசலாக வெளிவரும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே லேத்தில் கடைந்து போட்ட அடாப்டர் தட்டு மயிரிழை மையம் தவறினாலும் கிளட்ச் பேரிங் அடிக்கடி போகும். உரிமையாளர் பேரிங்கைத்தான் திட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய வில்லிஸ்களில் வைப்பர் ஓடியது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவில். டீசல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் கிடையாது. தனியாக வேக்குவம் பம்போ மின்சார மோட்டாரோ வைக்க மறந்த வண்டியை மழை வந்தால் ஓரங்கட்ட வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் மருந்து இல்லாமல் இல்லை. மகிந்திராவே பிற்பாடு பியூஜோ உரிமத்தில் 2112 சிசி எக்ஸ்டிபி டீசல் எஞ்சினைச் செய்து தன் ஜீப்புகளில் பொருத்தியது. அதற்கேற்ற பெல் ஹவுசிங், கியர்பாக்ஸ், மவுண்டிங் எல்லாம் சேர்த்து ஒரே வண்டியிலிருந்து எடுத்து மாற்றிய ஜீப் என்றால் நான் தயங்காமல் ஓட்டிப் பார்ப்பேன். எஞ்சின் ஓரிடம், கியர்பாக்ஸ் வேறிடம், ரேடியேட்டர் கிடைத்த இடம் என்று சேர்த்த வண்டி எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

வாங்குபவரின் கணக்கும் இப்போது வேறு. விலைக் கட்டுப்பாடு பெட்ரோலுக்கு 2010இலும் டீசலுக்கு 2014இலும் நீங்கிய பிறகு இரண்டுக்கும் இடையிலான பள்ளம் பெரிதும் தூர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் ஜீப்பில் எரிபொருள் மிச்சம் எவ்வளவு நிற்கும்? ஆனால் “டீசல் போட்ட வண்டி சார்” என்று தரகர் இன்னும் கூடுதல் விலைதான் சொல்கிறார்.

காகிதத்தில் நிலைமை தலைகீழ். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டி விண்டேஜ் பதிவு பெற அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. டீசலுக்கு மாறிய வில்லிஸுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்று ஆர்சியில் ஏற்றியிருந்தால் பிழைத்தோம். ஆர்சியில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் எஃப்சி புதுப்பிக்கும்போதே சிக்கும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். இதில் அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீதும் இல்லையென்றால், திருட்டு எஞ்சினாக இருக்கும் வாய்ப்பையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறோம்.

ஆகவே எனக்கு வரிசை இப்படி: ஆர்சியில் ஏறிய, மகிந்திரா பாகங்களோடே முழுதாக மாறிய டீசல் ஜீப்பைத் தினசரி மலைப்பாதைக்கு வாங்கலாம். அசல் பெட்ரோல் எஞ்சின் ஓடாமல் கிடந்தாலும், அதன் எண் ஆர்சியோடு பொருந்தினால் அதற்குக் கூடுதலாகவே கொடுக்கலாம். எஞ்சினை மாற்றிவிட்டு, கழற்றிய பழைய ஹரிக்கேனைக் கொட்டகையில் பத்திரமாக வைத்திருக்கும் உரிமையாளர் கிடைத்தால், பேரத்தை அந்தக் கொட்டகையிலிருந்து தொடங்குவேன்.