இருபது ஹெச்பி எங்கே இருக்கிறது?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் பிட் பக்கம் ஒரு 165 சிசி வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்றால், யாராவது ஒருவர் "அண்ணே, எத்தனை ஹெச்பி எடுக்குது?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். ஒரே ஓர் எண்ணில் பதில் வரும். கேட்டவர் புருவத்தை உயர்த்திவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். கேள்வி தப்பில்லை. அந்த எண்ணோடு பேச்சு முடிந்துபோவதுதான் கோளாறு.

அந்த எண் பிறக்கும் இடம் டயனோ. முன்சக்கரத்தைக் கவ்வியில் இறுக்கி, பின்சக்கரத்தைக் கனத்த உருளைமேல் உட்காரவைத்து, இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்டுவார்கள். எஞ்சினுக்கு எதிரே பெரிய ஃபேன் ஓடும். நாலாவது கியரிலோ ஐந்தாவது கியரிலோ த்ராட்டிலை முழுக்க முறுக்கி ரெவ் லிமிட் வரை விட்டால், சில நொடிகளில் திரையில் இரண்டு கோடுகள் விழும்: ஒன்று பவர், மற்றது டார்க். ட்யூனிங் செய்பவருக்கு இது பெரிய வரம். சைலன்சரை மாற்றினோம், ஏதாவது கிடைத்ததா? அதே வண்டியை அதே உருளையில் அதே மதியம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டயனோ இல்லாத காலத்தில் காதை நம்பித்தான் வேலை நடந்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடிவிட்டதாக ஒரு நம்பிக்கை. உச்சத்தில் அரை ஹெச்பி ஏறி நடுவில் ஒன்றரை ஹெச்பி போயிருப்பதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் உங்கள் டயனோ சீட்டையும் என் டயனோ சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பேச ஆரம்பித்தால் சிக்கல்தான். கம்பெனி சொல்வது கிராங்க் முனையில் அளந்த திறன். உருளை காட்டுவது கியர்பாக்ஸும் செயினும் டயரும் தின்றது போக மிஞ்சியது. ஒருவர் பிஎஸ் என்கிறார், இன்னொருவர் பிஹெச்பி என்கிறார். இரண்டுக்கும் சுமார் ஒன்றரை சதவீத வித்தியாசம் உண்டு. டயரில் காற்று குறைந்தாலும் பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கினாலும் எண் நகரும். 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று சுமார் 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. திருத்தக் காரணி போட்டு இதைக் கணினி சரிக்கட்டிவிடும். வண்டி என்னவோ மெட்ராஸ் வெயிலில் அந்த மெலிந்த காற்றைக் குடித்துத்தான் ஓடவேண்டும். ஆக, 20-க்கும் 20.5-க்கும் நடக்கும் சண்டையில் பாதி, அளவையின் சண்டை.

எண் துல்லியம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திறன் எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது? 2008-இல் யமஹா ஆர்15 வந்தபோது கடையில் அதன் பக்கத்தில் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா நின்றது. இரண்டும் ஏறக்குறைய 17 ஹெச்பி. கரிஸ்மாவுக்கு 223 சிசி, 6,000 ஆர்பிஎம்மிலேயே 18 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க். ஆர்15 வெறும் 150 சிசி. 15 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 7,500-இல். காகிதத்தில் கரிஸ்மாவின் கை ஓங்கியிருக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் லாரியை முந்தவும் அதுதான் சுகம், கியர் குறைக்காமலே இழுக்கும். டிராக்கில் ஓட்டுபவரோ முள்ளைக் கீழே இறங்கவே விடமாட்டார். அங்கே ஆர்15-இன் ஆறு கியரும் லிக்விட் கூலிங்கும் டெல்டாபாக்ஸ் சட்டகமும் கணக்கில் வந்தன. யமஹா அந்த வண்டியை மட்டுமே வைத்துத் தனிப் பந்தயத் தொடரே நடத்தியது.

சின்ன வண்டிக்குக் காற்று இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். இருபது ஹெச்பியை இருபத்திரண்டாக்க ஒரு மெக்கானிக் எத்தனையோ இரவு கண்விழித்திருப்பார்; 140-இல் போன வண்டி அதனால் 144, 145-ஐத் தொடும், அவ்வளவுதான். அதையும் நீண்ட நேர்ப்பாதையின் கடைசியில்தான் பார்க்கமுடியும். முடுக்கத்தில் பலன் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் 140 கிலோ வண்டியில் 75 கிலோ ஆளுக்குப் பதில் 55 கிலோ ஆள் ஏறினாலே மொத்த எடையில் 9 சதவீதம் குறைந்து, கிட்டத்தட்ட அதே பலன் சும்மா வந்துவிடும். உலக பைக் பந்தயத்தின் சின்னப் பிரிவான மோட்டோ3-இன் விதிகளை எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 250 சிசி ஒற்றை சிலிண்டர், 81 மில்லிமீட்டருக்கு மேற்படாத போர், 13,500 ஆர்பிஎம் உச்சவரம்பு. கூடவே ஆளும் வண்டியும் சேர்ந்து 152 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றும் வைத்தார்கள்.

அந்த மோட்டோ3-இல் நம் நாட்டு மஹிந்திராவும் ஓடியது. ஹோண்டா, கேடிஎம் எஞ்சின்களுக்கு முன்னால் நேர்ப்பாதையில் அது திணறியது ஊரறிந்த கதை. அப்படியும் 2016-இல் முஜெல்லோவின் 1.1 கிலோமீட்டர் நேர்ப்பாதையைச் சமாளித்து பிரான்செஸ்கோ பன்யாயா அதில் மூன்றாவதாக வந்தார். அடுத்த மாதமே, வளைவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஆசெனில் மஹிந்திராவுக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைத் தந்தார். ஹெச்பி ஒரு பொருட்டே இல்லை என்பவர்கள் ஆசெனை மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். முஜெல்லோவைத்தான் நான் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். அங்கே பலவீனமான வண்டி பிழைப்பது முன்னால் போகிறவரின் காற்று நிழலில். அந்த நிழலில் ஒட்டிப் போகிறவரின் பெயர்தான் வேக அளவிப் பட்டியலில் மேலே ஏறும். காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு முதலில் போகிறவர் கீழே இருப்பார். பட்டியலைப் பார்த்து எந்த எஞ்சின் பெரிது என்று முடிவு கட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

திறன் குறைந்த வண்டிக்கு வேறு விலையும் உண்டு. நேரில் முந்த முடியாதவர் பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் முந்தியாக வேண்டும். டயர் தேயும், விழும் வாய்ப்பும் கூடும். பன்யாயா மோட்டோ2-க்குப் போன அடுத்த ஆண்டில் மஹிந்திரா ஒரு பந்தயமும் வெல்லவில்லை. 2017 முடிவில் மோட்டோ3-ஐ விட்டே விலகியது. அப்படியானால் ஆசெனில் வென்றது சட்டகமா, ஆளா? பின்னாளில் மோட்டோஜிபி உலகப் பட்டத்தை இரண்டு முறை வென்ற ஆள் அவர்.

டயனோவை நம்பாதவர்கள் கடைசியில் சரணடையும் லேப் டைமிலும் இதே ஓட்டை இருக்கிறது. கோவை கரி ஸ்பீட்வேயின் 2.1 கிலோமீட்டரில் முன்னணியில் வரும் வண்டி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராக ஓடும் புத் சர்க்யூட்டில் பின்தங்கலாம். காலை ஏழு மணி தார் வேறு, மதியத் தார் வேறு. பத்திரிகைகள் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு, 'அரை நொடி வேகம்' என்று தலைப்புப் போடும்போது எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது வண்டியை ஓட்டி முடித்த பிறகு, அதே ஆள் மறுபடி முதல் வண்டியில் ஏறி ஐந்து சுற்று ஓட்டினாரா? பாதை கைக்குப் பழகப் பழக நேரம் தானாகவே குறையும், டயர் சூடேறி வழுக்கினால் கூடும். மறுபடி ஓட்டும்போது முதல் வண்டியின் நேரமே அரை நொடி மாறியிருந்தால், அந்தத் தலைப்பை அச்சுக்கு அனுப்பியிருக்கக் கூடாது.