அழுக்காறும் நியாய உணர்வும்

திருக்குறளின் 17ஆம் அதிகாரமாகிய அழுக்காறாமை, நம் வகுப்பறைகளிற் பெரும்பாலும் ஒரே பொருளிற்றான் போதிக்கப்படுகிறது: இருப்பவனைக் கண்டு இல்லாதவன் மனம் புழுங்கலாகாது. அதனைக் கற்பித்துவரும் எனக்கு இவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை.

அதிகாரத்தின் 6ஆம் குறளை நோக்குவோம். பிறருக்குக் கொடுக்கப்படுவதைக் கண்டு பொறாதவனின் சுற்றம் உணவும் உடையுமின்றிக் கெடும் என்பது அதன் கருத்து. இங்கே கடியப்படுபவன் ஏழையல்லன். ஏழைக்குக் கிடைப்பதைச் சகியாதவன். 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தபோது அதனை எதிர்த்து நின்ற வசதி படைத்தோரை இக்குறள் நினைவூட்டுகிறது.

9ஆம் குறள் இன்னும் ஆழமானது. பொறாமையுள்ளவன் செழிப்பதும் செவ்வியோன் தாழ்வதும் எண்ணிப் பார்க்கப்படும் என்கிறார் வள்ளுவர், காரணம் கூறினாரல்லர். பரிமேலழகரோ, பழவினையே காரணமென உரைகண்டு கேள்வியை மூடிவிடுகிறார். ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்தவர்தாம் வள்ளுவர். எனினும் இவ்விடத்தில் அச்சொல்லை அவர் பெய்யவில்லை. உரையாசிரியரின் புலமைக்குத் தலைவணங்குவோம். அவர் மூடிய கதவைத் திறப்பது நம் கடன். செவ்வியோன் தாழ்வதற்குச் சமுதாய அமைப்பிலும் காரணம் தேடவேண்டும்.

மாணவரிடையே வளரும் போட்டிக்கும் இது பொருந்தும். ஓரிடத்துக்குப் பலரை மோதவிட்டுப் பின்னர், தோற்றவனிடம் பொறாமை கொள்ளாதே என்பது முழுமையான அறபோதனையாகாது. சக மாணவனின் வெற்றியை வெறுப்பது அழுக்காறு. இடங்கள் ஏன் இத்துணைக் குறைவென வினவுவது நியாய உணர்வு. முன்னையதைக் கைவிடுவோம்; பின்னையதைக் கைவிடோம்.