பதினேழாம் அத்தியாயம் இல்லாத புத்தகம்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பைண்டு புத்தகம் கிடக்கிறது. வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து, மைதாப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டை வைத்துத் தைத்த தொடர்கதை. பக்கங்கள் ஒரே அளவில் இல்லை. அத்தியாயம் முடிகிற தாளைத் திருப்பினால் பாதி ஜோக், தலைவலித் தைல விளம்பரம். பதினாறு முடிந்ததும் பதினெட்டு வருகிறது. நடுவில் ஒன்றைக் காணோமே என்று கேட்டதற்கு, "அந்த வாரந்தான்டி நீ பொறந்தே" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறாள். அதற்குள் அந்த இதழ் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. பதினேழில் கதாநாயகி என்ன முடிவெடுத்தாள் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. "பதினெட்டுல ஊரை விட்டுப் போறா. அப்ப ஏதோ நடந்திருக்கு." அன்று அதோடு சரி.

தமிழ்ப் பெண்களின் வாசிப்பு வரலாறு முழுவதும் இப்படிப் பக்கம் விட்டுப்போன பைண்டு புத்தகம்தான். எழுதியவர்களைப் பற்றி ஓரளவு பதிவாகியிருக்கிறது. அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற தம் சொந்தப் பெயரில், தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை ஆராய்ந்து 1984-இல் ஆங்கிலத்தில் நூலாகவே கொண்டுவந்தார். வாசித்தவளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' இந்தத் திசையில் முக்கியமான முயற்சி. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் போய், தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கம் நாவலோடு எப்படி வந்தது என்று அது பேசுகிறது. மௌனமாகப் படிப்பவள் என்ன படிக்கிறாள் என்று வீட்டுக்குத் தெரியாது. நாவல் பெண்களைக் கெடுத்துவிடும் என்ற அந்தக்காலப் பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அந்தப் பதற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. வங்காளத்தில் ராசசுந்தரி தேவி பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுத்துக் கூட்டினார். அவருடைய தன்வரலாறு 'அமர் ஜீபன்' 1876-இல் அச்சேறியது. அடுப்படியில் மறைத்த அந்த ஓர் ஏட்டைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வாசிக்கிறவளுக்கு மறைவிடம் தேவைப்பட்ட காலம் அது.

நம் பக்கம் அதற்கு இணையானது சுப்பலக்ஷ்மியின் கதை. 1897-இல் பிறந்தவர், பதினொரு வயதில் கல்யாணம், பதினான்கில் தாய். கணவருக்கு உப்புத் துறையில் வேலை என்பதால் வாழ்க்கையின் முதல் பகுதி கடலோர உப்பளக் குடியிருப்புகளில் கழிந்தது. பிறகு திருவல்லிக்கேணி. நாட்குறிப்பு எழுதினார், ஆங்கிலத்திலும் வாசித்தார், மகளைச் சாந்திநிகேதனுக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஆசைப்பட்டார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களை வைத்து, கீழ்வெண்மணியைப் பதிவுசெய்த அதே மைதிலி சிவராமன், தம் பாட்டியின் வாழ்க்கையை 2006-இல் புத்தகமாக்கினார். ஒரு குடும்பத் தலைவி என்ன வாசித்தாள் என்பதை ஆவணமாக மதித்த நூல், எனக்குத் தெரிந்து, இந்த ஒன்றுதான். பேத்தி மைதிலி சிவராமனாக இல்லாத பாட்டிகளின் காகிதங்கள் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி அம்மாள். எழுதப் பழகாத நாளில் முதல் நாடகத்தை வாயால் சொல்லித் தோழியை எழுதவைத்தவர். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள். இலக்கிய விமரிசனம் அவரை எண்ணிக்கைக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்ப் பெண்ணுக்கு வாசிக்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த நேரத்துக்குள் அடங்கும்படி கதையை நறுக்கிக் கொடுத்தவர்களில் அவர் முன்னோடி.

தமிழ்ப் பத்திரிகைக் கதையின் வடிவம் இந்தக் கணக்கில் உருவானதுதான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம் ஒன்றாக வந்தது. முழுப் புத்தகமாக ஐந்து பாகத்தைக் கையில் கொடுத்திருந்தால் எத்தனை வீட்டில் படித்திருப்பார்கள்? சாதம் வடித்து இறக்குவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்ததற்கு ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரமும் கதை அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். லக்ஷ்மி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன், பின்னால் சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி என்று ஒரு பெரும் வரிசை இந்தப் பத்திரிகைப் பக்கங்களில்தான் வாசகிகளைக் கண்டது. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூலகம். ராயப்பேட்டையில் 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி அவற்றில் பெயர் பெற்றது. ஊருக்கு ஊர் பெட்டிக்கடை அளவில் இருந்தவற்றுக்குப் பெயரே இருந்ததில்லை.

அடுத்து மாத நாவல். 1969-இல் 'ராணிமுத்து' வந்தது, தொடர்ந்து 'மாலைமதி' முதலானவை. கைப்பைக்குள் அடங்கும் அளவு, இரண்டு மூன்று இரவில் முடியும் கதை, படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் திரும்பி வராவிட்டாலும் வருத்தமில்லாத விலை. இந்த உலகத்தின் ராணி ரமணிசந்திரன், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். நானும் கல்லூரி நாளில் அவரைப் படித்துவிட்டு, நவீன இலக்கியம் பேசும் நண்பர்களோடு சேர்ந்து கேலியும் செய்தவள்தான். இப்போது கேலி வரவில்லை. பணக்கார வீட்டு நாயகன், முரட்டுப் பேச்சு, தவறான புரிதல், கடைசியில் சமாதானம் என்று அந்த அச்சு மாறவே மாறாது என்பது உண்மை. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்து வருகிறவளுக்கு எதற்கு எஸ்டேட் முதலாளியின் காதல் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்தால், எங்கே விட்டாலும் எங்கே தொடங்கினாலும் நூல் அறாது. பால் பொங்கும், பிள்ளை அழும், மாமியார் கூப்பிடுவார். திரும்பி வந்து எடுத்தால் கதை அதே இடத்தில் நிற்க வேண்டும். இதை ரசனைக் குறைவு என்று முடித்துவிடுவது கடிகாரத்தைப் பார்க்காதவர் பேச்சு.

கடிகாரத்தைப் பார்த்த ஒருவர் உண்டு, சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அதே 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். வாசகரைத் தேடிப் புத்தகம் போன நாடு இது. 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் காலை ஏழு மணி வண்டிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிற நான், கிளை நூலகம் ஒன்றின் கதவைத் திறந்து பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு நூலகம் லோக்கல் வண்டிதான். வேப்பம்பட்டில் ஏறுகிற பெண்களில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் அதைச் சுற்றிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் போகிறவர்கள். எதிர்த்திசையில் காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. திருவள்ளூரிலிருந்து வரும் வண்டியில் காலையில் இங்கே ஏறினால் உட்கார இடம் அபூர்வம். நின்றபடி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் பக்கத்தை விலக்கிப் படிக்கப் பழகவேண்டும். கனமான நாவலுக்கு இது ஆகாது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பை நான் படித்து முடித்தது இப்படித்தான். சமையலறைக்குள் ஒடுங்கிப்போன பெண்களைப் பற்றிய அந்தத் தலைப்புக் கதையைப் படித்த அன்று, குக்கரை அணைத்தேனா என்ற சந்தேகம் ஆவடி வரை விடவில்லை.

வேப்பம்பட்டுக்கு அடுத்த நிறுத்தம் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர். கல் வாங்கக் காசில்லை, ஆனால் நாள் குறித்து, அஸ்திவாரம் போட்டு, சிகரம் வைத்துக் குடமுழுக்குக்கும் தேதி பார்த்துவிட்டார். என் அம்மா பதினேழாம் அத்தியாயத்தை எழுதியது இதே முறையில்தான். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதில் கொஞ்சம் மாற்றம் இருக்கும்.

இப்போது அதே ரயில் பெட்டியில் கைக்கு ஒரு போன். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழ்த் தொடர்கதைகள் குவிந்து கிடக்கின்றன. வார இதழ் செய்ததையே அதுவும் செய்கிறது, இன்னும் சின்னத் துண்டாக. 2020-இல் 'கல்கி'யும் 'மங்கையர் மல'ரும் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனபோது வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பெட்டியில் வாசிப்பு குறையவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். என் குறை வேறு. சில தொடர்களில் அடுத்த அத்தியாயம் பூட்டிக் கிடக்கும். காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். பழைய தொடர்கதையும் காக்கவைத்தது, ஆனால் அம்மாவால் அதைக் கிழித்துப் பைண்டு செய்ய முடிந்தது. போனில் படித்ததை எந்தப் பெட்டியில் வைப்பது?

ஒன்று மட்டும் நல்லதாக நடந்திருக்கிறது. கண் மங்கிவிட்ட அம்மாவுக்கு ஒலிப்புத்தகம் போட்டுக்கொடுத்தேன். ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் பழைய முறை சுற்றிவந்து எங்கள் அடுப்படிக்கே வந்துவிட்டது. மிக்சி பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கீரை ஆய்கிறாள். போன வாரம் கதை சூடுபிடிக்கும் நேரம், குக்கர் மூன்றாவது விசிலை ஊதிக்கொண்டிருந்தது.

"அந்த ஆளைக் கொஞ்சம் நிறுத்துடி," என்றாள், "விசில் அடங்கட்டும். இதையும் விட்டுட்டா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது?"