யந்திரக் கங்காணி

கங்காணி என்னும் சொல் கண்காணி என்பதன் திரிபாகும். தோட்டத்துத் தமிழர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டது முதல் மாலையில் வேலை முடியும் வரையில் ஒரு கண் நம் முன்னோர் முதுகின் மேல் இருந்தே வந்தது. ஆயினும் அக்கண்ணுக்கு ஒரு முகம் இருந்தது. அது நிரைக்கு நிரை நடந்து களைத்தது. பொழுது சாய்ந்தால் உறங்கிற்று. முகமும் களைப்பும் உறக்கமும் இல்லாத கண் ஒன்று வேலைத்தலத்தில் வந்து அமர்ந்தால் மனிதன் என்னாவான்? இவ்வினாவை 1936-ம் வருஷத்திலேயே எழுப்பிய கலைப்படைப்பு, சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்த 'மாடர்ன் டைம்ஸ்' என்னும் படமாகும். அதை வெறுஞ் சிரிப்புப் படம் என்று தள்ளுவோர் அதன் சாரத்தைக் கண்டாரல்லர்.

கதாநாயகன் பெரிய தொழிற்சாலையொன்றில், ஓடும் பட்டையின் முன் நின்று நாள் முழுவதும் நட்டுகளை முடுக்குகிறான். சற்று இளைப்பாறக் கழிவறைக்குச் செல்கிறான். செல்லும்போதே நேரம் பதியும் கடிகாரத்தில் தன் அட்டையைக் குத்திவிட்டுத்தான் போகிறான். சிகரெட்டைப் பற்றவைத்துச் சாய்ந்த மாத்திரத்தில், சுவரை அடைத்துக்கொண்டு முதலாளியின் முகம் தோன்றி அதட்டுகிறது. இப்படம் வெளிவந்தது அவ்வருஷம் பிப்ரவரியில், லண்டனில் பி.பி.சி. தன் ஒழுங்கான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது நவம்பரில். கருவி பரவுமுன்னரே அதன் தீங்கைக் கலைஞன் கண்டுகொண்டான்.

எனினும் இது முற்றும் கற்பனையன்று. 1914-ல் ஃபோர்ட் மோட்டார் கம்பெனி நாளொன்றுக்கு 5 டாலர் தருவதாக அறிவித்தபோது, அதற்குத் தகுதியுடையவர் யாவர் எனச் சோதிக்கத் தனி இலாகா ஒன்றை நிறுவிற்று. அதன் ஆட்கள் தொழிலாளர் வீடுகளுக்கே சென்று, குடியுண்டா, சேமிப்புண்டா, குடும்பம் எத்தகையது என்று விசாரித்தனர்.

இப்படத்தின் கலைத்திறன் இரண்டு இடங்களில் விளங்குகிறது. பேசும் படங்கள் எங்கும் பரவிவிட்ட காலத்தில் சாப்ளின் இதைப் பெரும்பாலும் மௌனமாகவே எடுத்தார். தொழிற்சாலையில் நாம் கேட்கும் மனிதக் குரலோ முதலாளியின் திரையிலிருந்தும், யந்திரம் விற்க வந்தவர்களின் இசைத்தட்டிலிருந்துமே வருகிறது. தொழிலாளிக்குச் சொல் இல்லை. இஃது ஒன்று. மற்றொன்று, பார்ப்பவனையே நாம் பார்க்கும்படி செய்தது. சோம்பலைக் கண்டிக்கும் அம்முதலாளி தன் அறையில் துண்டுப் படங்களைப் பொருத்தி விளையாடுகிறார், பத்திரிகை புரட்டுகிறார். தொழிலாளி காணவொண்ணாத இக்காட்சியை நாம் காண்கிறோம். அநீதி கண்ணில் இல்லை. அக்கண் ஒருபுறம் மட்டுமே திறந்திருப்பதில் உள்ளது.

குறையும் உண்டு. வண்டியிலிருந்து விழுந்த கொடியை எடுத்துக்கொடுக்க ஓடும் நாயகன், பின்னால் வந்த ஊர்வலத்திற்குத் தலைவன் எனக் கருதப்பட்டுச் சிறைப்படுகிறான். தொழிலாளர் ஒற்றுமை இங்கே ஒரு விபத்தாகவே வருகிறது. முடிவில் அவன் காதலியோடு சாலையில் நடந்து போய்விடுகிறான். இன்றைய தொழிலாளி எங்கே நடந்து போவான்? கண் அவன் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியிலேயே இருக்கிறது. விரல்ரேகையைப் பதித்துத்தான் உள்ளே நுழைகிறான். அவன் கணினியில் தட்டும் எழுத்தையும் எண்ணும் கருவி உண்டு.

"குற்றமற்றவன் ஏன் அஞ்சவேண்டும்?" என்பர் சிலர். கதவைச் சாத்திக் குளிப்பவள் களவு செய்தவளா? கணக்கெழுதும் கிராணிகளாகிய நாம் ஒன்று அறிவோம்: வேலையை அளப்பது வேறு, ஆளை அளப்பது வேறு. முன்னது கூலிக்கு நியாயம். பின்னது மானத்திற்குக் கேடு.

உலகம் இவ்வேற்றுமையைச் சிறிது உணரத் தொடங்கியுள்ளது. ருமேனியாவில் ஓர் ஊழியர் தம் சகோதரனுக்கும் மணம் பேசிய பெண்ணுக்கும் எழுதிய செய்திகளை எஜமானர் படித்து, 2007-ல் அவரை வேலையினின்று நீக்கினார். கண்காணிப்பின் தன்மையும் அளவும் அவருக்கு முன்கூட்டி அறிவிக்கப்பட்டனவா என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயத் தவறின என்றும், அவருடைய அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்றும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. மலேசியாவின் 2010-ம் வருஷத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வாணிகத்தில் பிறர் தகவலைத் திரட்டுவோர் அதன் நோக்கத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அரசாங்கங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது.

ஆகவே தோழர்காள், அத்தகைய தாள் உங்கள் கைக்கு வந்தால் படியாமல் ஒப்பமிடாதீர்கள். படிக்கத் தெரியாத பெரியோர்க்குப் படித்துச் சொல்லுங்கள். வராவிடின் சங்கத்தின் மூலம் கேளுங்கள். சாப்ளினின் தொழிலாளிக்குக் குரல் இல்லை. நமக்கு உண்டு.