கொல்லன் ஜோ

ஓசூர் சிப்காட்டின் யந்திர ஓசையும் ஷிப்டுக் கணக்கும் செவியைவிட்டு அகல, ‘சின்ன இங்கிலாந்து’ என்று வழங்கப்படும் தளியின் மரநிழலில் இரண்டு நாள் சும்மா கிடந்து, டிக்கன்ஸ் 1861-இல் எழுதி முடித்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை மறுபடி வாசிப்பதினும் உயர்ந்த சுகம் எனக்குத் தெரியாது. கதாநாயகன் பிப் என்பார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த ஸ்தானம் கொல்லன் ஜோவுக்கே உரியது. பிப்பைக் காண லண்டனுக்கு வந்து, ஒவ்வாத உடுப்பில் புழுங்கி, தொப்பியை வைக்க இடம் தெரியாமல் தவித்து, தான் வளர்த்த பிள்ளையே தன்னைக் கண்டு கூசுவதை உணர்ந்தும் கோபியாமல், உலைக்களமே தனக்கு ஏற்ற இடமென்று சொல்லி விடைபெறும் அம்மனிதன் (நம் லேத்துப் பட்டறைகளில் இத்தகையோர் எத்தனை பேர்!), பின்னர் பிப் நோயுற்றபோது தாயினும் பரிந்து சிசுருஷை செய்து, அவன் தேறியதும், ஒரு காலை அவன் விழிக்குமுன் ஊர் திரும்பிவிடுகிறான். மேஜைமேல் ஒரு சிறு கடிதம். அதனுள், பிப்பின் கடனைத் தானே தீர்த்த ரசீது.